வாசகர் கேள்விகள்: ஹார்மோனிய அண்ணன்

சென்ற இதழில், நாடக மேடை மிருதங்கத்தைப் பற்றிய ஒரு பதிலின் நடுவே, “எனக்கு மேடையைக் கற்றுக்கொடுத்த ஹார்மோனிய அண்ணன் போன மாதம் காலமானார்” என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க அவரைப் பற்றித்தான். பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் நாடகம் பார்த்தவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

நீங்கள் மிருதங்கக்காரர். ஹார்மோனியக்காரர் எப்படி உங்களுக்கு குரு ஆக முடியும்?
— வாசகி, மேலூர்

விரல் பாடம் வேறு ஒருவரிடம் படித்தேன். தா தீ தொம் நம் தொடங்கி மோரா, கோர்வை வரைக்கும் அவர் உபயம். ஆனால் ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் வாசிக்க அது பாதிதான். மீதிப் பாதியைச் சொல்லிக்கொடுத்தவர் அண்ணன்.

முதல் நாள் இரவு, சிங்கம்புணரிப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழா. மேடையின் ஓரத்தில் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, உங் கையப் பாக்காத. பாடுறவங்க வாயப் பாரு. வாய் தெரியலைன்னா என் காலப் பாரு.”

அவர் வைத்திருந்தது கால் ஹார்மோனியம். கீழே இரண்டு மிதிகள். இடதும் வலதும் மாறி மாறி மிதித்தால் துருத்தி காற்று வாங்கும். இரண்டு கையும் கட்டைகளுக்குக் கிடைக்கும். கச்சேரியிலும் பஜனையிலும் பார்க்கிற கைப்பெட்டியில் ஒரு கை துருத்திக்கே போய்விடும். பாடுகிறவர் பாட்டை முடிக்கப் போகிறாரா, இன்னொரு சுற்று போகப் போகிறாரா என்பது அண்ணனுக்கு முன்னாடியே தெரிந்துவிடும். முடிக்கப் போகிறார் என்றால் பாடுகிறவர் மூச்சை இழுப்பதற்கு முன்னால் இரண்டு மிதி வேகமாக விழும், காற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ள. அதைப் பார்த்தால் நான் தீர்மானத்துக்கு, அதாவது பாட்டை முடித்து வைக்கிற வாசிப்புக்கு, தயாராகிவிடலாம். மிதி நிதானமாகவே போனால் இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. பாடுகிறவரையே நான் அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன். ஆனாலும் பாட்டும் மிருதங்கமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஊர்க்காரர்கள் நாங்கள் பத்து வருஷம் சேர்ந்து வாசித்தவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கு அவர் தாளத்தைப் பற்றி ஒரு பாடம்கூட எடுத்ததில்லை. காலைத்தான் காட்டினார்.

ஒத்திகையே கிடையாது என்கிறீர்கள். பிறகு விடிய விடிய எப்படி நாடகம் நடக்கிறது? நம்ப முடியவில்லை.
— வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் ஊர்ப் பக்கம் இந்த நாடகம் அதிகம் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்பெனி நாடகத்தில் ஒரே குழு, ஒரே முதலாளி, மாதக்கணக்கில் ஒத்திகை. ஸ்பெஷல் நாடகத்தில் அப்படிக் குழு என்று ஒன்று கிடையாது. ஊர்க்காரர்கள் ஏஜென்ட் மூலம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசுவார்கள். ராஜபார்ட் (கதாநாயகன்) மதுரையிலிருந்து வருவார், ஸ்த்ரீபார்ட் (கதாநாயகி) புதுக்கோட்டையிலிருந்து, பபூன் திண்டுக்கல்லிலிருந்து, டான்ஸ் காரைக்குடியிலிருந்து. நோட்டீஸில் ஒவ்வொருவர் படமும், அதன் கீழே அவரவர் ஊரும் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேடைக்குப் பின்னால் சந்தித்துக்கொள்வார்கள். பத்து மணிக்கு நாடகம்.

பொதுவாக எல்லோருக்கும் தெரிந்தது சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன். சுவாமிகள் 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்தார். அவர் போட்டுவைத்த பாட்டும் விருத்தமும்தான் இன்றைக்கும் அஸ்திவாரம். ஆனால் அஸ்திவாரம் மட்டும்தான் அது. வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் நாரதர் வந்து தர்க்கம் செய்யும்போது என்ன கேட்பார், எந்தப் புராணத்திலிருந்து கேட்பார், எத்தனை நேரம் கேட்பார் என்பது நாரதருக்கே தெரியாது. சில நாரதர்கள் இரண்டு மணி நேரம் விடமாட்டார்கள். புதுப் பெண்ணாக இருந்தால் அழவைத்துவிடுகிற நாரதர்களும் உண்டு.

இதில் சுருதிச் சிக்கல் வேறு. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஸ்த்ரீபார்ட் ஐந்தரைக் கட்டையில் பாடுவார். ராஜபார்ட் நாலு கட்டை. இருவரும் எதிரெதிரே நின்று பாட்டாலேயே பேச வேண்டும். நான் இரண்டு சுருதிக்கு இரண்டு மிருதங்கம் வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்வேன். என் பாடு அவ்வளவுதான். அண்ணன் பாடு அப்படி இல்லை. வள்ளி பாடி முடித்த சூட்டில், வேடனாக வரும் ராஜபார்ட் வாயைத் திறந்தால், காதில் அவள் சுருதியே இருக்கும். தடுமாறிவிடுவார். அண்ணன் என்ன செய்வார் தெரியுமா? வள்ளி முடித்த ஐந்தரைக் கட்டை சட்ஜமத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார். மேலே வசனம் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் கவனிக்காத நேரத்தில் இடது கையால் அதன் அடியில் நாலு கட்டை சட்ஜமத்தை வைப்பார். இப்போது வள்ளியின் சட்ஜமம் வேடனுக்குச் ‘சாதாரண காந்தாரம்’ என்கிற ‘க’ ஆகிவிட்டது. அந்த காந்தாரத்தைச் சுற்றி ஒரு சின்னப் பிடி, அப்படியே சரிந்து நாலு கட்டை சட்ஜமத்தில் இறக்கிவிடுவார். வேடன் “காயாத கானகத்தே” என்று எடுக்கும்போது சரியான இடத்தில் விழுவார். தானே பிடித்ததாக நினைத்துக்கொள்வார். இவரும் அப்படியே நினைக்க விட்டுவிடுவார்.

இதற்கெல்லாம் வேலை ஒன்பது மணிக்கே ஆரம்பமாகிவிடும். புதிதாக யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார். எந்த ஊர், பஸ்ஸில் இடம் கிடைத்ததா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள். ரொம்ப அன்பான மனுஷன் என்று அவர்கள் நினைப்பார்கள். அன்பும் உண்டுதான். ஆனால் காது வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். “தொண்டை கட்டியிருக்கு. அஞ்சரைன்னு சொல்லுவா, அஞ்சுல வையி” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். நான் ஐந்துக்கு மிருதங்கத்தைக் கூட்டி வைப்பேன். மேடையில் அந்த அம்மா வந்து நின்றதும் ஐந்தில்தான் எடுப்பார்.

அண்ணன் தண்ணி போடுவாரா? நாடகக்காரர்கள் என்றால் அப்படித்தான் என்பார்கள்.
— வாசகர், திருப்பூர்

போடுவார். சுக்குத் தண்ணி. நடுச்சாமத்துக்கு மேல் ஒரு பிளாஸ்க் முழுக்க.

இப்படிக் கேட்கிறவர்கள் சபா வித்வான்களைப் பற்றியும் ஒருமுறை விசாரித்துவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

ஹார்மோனியத்தை ஒரு காலத்தில் வானொலியில் தடை செய்திருந்தார்களாமே? அதைப் பற்றி அவர் என்ன சொல்வார்?
— வாசகர், தஞ்சாவூர்

உண்மைதான். 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்துக்குக் கதவைச் சாத்தியது. 1971-ல்தான் ஓரளவு திறந்தது. காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒன்றும் கிடையாது, கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) வராது, வெள்ளைக்காரன் கருவி. 1842-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய கருவி, கல்கத்தாவில் கைப்பெட்டியாக மாறி, பார்ஸி நாடகக்காரர்களோடு ஊர் ஊராகப் போய், நம் நாடக மேடைக்கும் வந்து சேர்ந்தது. பார்ஸிக்காரர்கள் விட்டுப்போன மெட்டுகள் இன்றும் நம் பாட்டில் உண்டு.

கமகம் வராது என்ற குற்றச்சாட்டை அண்ணன் மறுக்க மாட்டார். “வராதுதான். அதுக்குத்தான பாடுறவன் நிக்கிறான்” என்பார். கட்டையில் இல்லாததைக் கட்டையில் தேடக்கூடாது என்பது அவர் கட்சி. தோடி ராகத்தை அவர் வாசித்துக் கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ராஜபார்ட் தோடியில் விருத்தம் பாடும்போது அண்ணன் அவருக்கு எங்கே ஸ்வரத்தைக் கொடுக்கிறார், எங்கே கையை எடுத்துவிடுகிறார் என்று கவனிக்க வேண்டும். காந்தாரத்தை அசைக்கப் போகிறார் என்றால் அந்தக் கட்டையையே தொடமாட்டார். கீழே சட்ஜமத்தை மட்டும் விட்டுவிட்டுக் காத்திருப்பார். அசைத்து முடித்ததும் போய்ச் சேர்ந்துகொள்வார். தாளம் இல்லாத விருத்தத்தில் எனக்கு வேலை இல்லை, மிருதங்கம் சும்மா இருக்கும். அதனால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் கிடைத்தது.

ரேடியோக்காரர்கள் சொன்னது தனியாக வாசிக்கிற ஹார்மோனியத்துக்குப் பாதி சரி என்பேன். பின்பாட்டுக்காரனின் ஹார்மோனியத்தை அவர்கள் கேட்டிருக்கவில்லை.

மறக்க முடியாத ஒரு இரவு சொல்லுங்களேன்.
— வாசகி, மானாமதுரை

வைகாசி மாதம், கோடை மழை பெய்து ஓய்ந்த அன்று, உங்கள் மானாமதுரையிலிருந்து அதிக தூரம் இல்லாத ஒரு கிராமம். டியூப் லைட்டைச் சுற்றி ஈசல். தலையில், வாயில், மிருதங்கத்தின் கரணையில் எல்லாம் ஈசல். சாவித்திரியாக நடித்த அம்மா எமனிடம் புருஷன் உயிரைக் கேட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார். திடீரென்று பெட்டியில் மேல் சட்ஜமம் செத்துவிட்டது. கட்டையை அழுத்தினால் ஸ்ஸ் என்று காற்று மட்டும் வருகிறது.

அந்தப் பாட்டில் ஒவ்வொரு வரியும் மேல் சட்ஜமத்தில் போய் நிற்கும்.

அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நிஷாதம் வரைக்கும் விரலால் வாசிப்பார், சட்ஜமம் வரும் இடத்தில் தன் குரலால் பாடிவிடுவார். விரல், விரல், விரல், தொண்டை. பின்பாட்டுக்காரர் கூடப் பாடுவது வழக்கம்தானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெட்டியும் குரலும் ஒட்டின இடம் பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகத் தெரியவில்லை. பாட்டு முழுவதையும் அப்படியே முடித்தார். அப்புறம் எமன் வசனம் பேச ஆரம்பித்ததும் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு மேல்பலகையைத் திறந்தார். பித்தளை நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே ஈசல் இறக்கை ஒன்று மாட்டியிருந்தது. சவர பிளேடில் பாதியை ஒடித்து, நாக்கின் அடியில் மெதுவாக நுழைத்து, ஒரு தட்டு. இறக்கை பறந்துவிட்டது. பலகையை மூடினார். எமன் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். எமன் வேஷக்காரர்களுக்கு வசனம் கொஞ்சம் நீளம்.

விடிந்ததும் சாவித்திரி அம்மா வந்து, “அண்ணே, இன்னிக்குக் கூடவே பாடினீங்க, தெம்பா இருந்துச்சு” என்றார். “நல்லாப் பாடின, அதான் பாடணும்னு தோணுச்சு” என்று சொல்லிவிட்டார் இவர். ஈசலைப் பற்றி அந்த அம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

நான் நாடகப் பெண் கலைஞர்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். மேடையில் அவர்கள் படும் சங்கடங்களில் உடன் இருக்கும் ஆண் கலைஞர்கள் உதவுவார்களா? உங்கள் அண்ணன் எப்படி?
— ஆய்வு மாணவி, திருநெல்வேலி

எல்லோரும் உதவுவார்கள் என்று எழுதினால் பொய். சில பபூன்கள் அடிக்கும் ஜோக்கே அந்தப் பெண்களுக்குப் பாதித் தலைவலி. இரவெல்லாம் பஸ்ஸிலும் மேடையிலும் கழிக்கிற பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது உங்களுக்குத் தெரியும், அதை நான் திரும்ப எழுதவில்லை.

அண்ணனிடம் ஒரு வசதி இருந்தது. பக்கவாத்தியக்காரர்களுக்கான மைக் அவர் கையருகே இருக்கும். நாடகத்தின் நடுவே ஊர்க்காரர்கள் அன்பளிப்பு கொடுப்பார்கள். பெயரைச் சொல்லி அறிவிக்க வேண்டும். பணம் கொடுப்பதில் தப்பில்லை, அது கலைஞருக்கு வருமானம். ஆனால் சிலர் நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு மேடை ஏறி, தானே அந்தப் பெண்ணின் சேலையில் குத்த வேண்டும் என்று நிற்பார்கள்.

அப்படி ஒருவர் ஏறினார். கையில் ஊசியும் நோட்டும். வள்ளி இரண்டடி பின்னால் போய்விட்டது. அண்ணன் வாசிப்பை நிறுத்தாமலே மைக்கை இழுத்தார். “வாங்க மாப்பிள்ளை, வாங்க. இங்க எங்கிட்ட குடுங்க. ஊரறியச் சொல்லணும்ல? பேரென்ன, அப்பா பேரென்ன, எந்தத் தெரு? வீட்ல பேரென்ன? அவங்க வந்திருக்காங்களா? எங்க உக்காந்திருக்காங்க? அம்மா, கையத் தூக்குங்க, ஒங்க வீட்டுக்காரரு நூறு ரூவா குடுக்குறாரு!” பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அப்புறம் ஊரே சிரித்தது. மனுஷன் நோட்டைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். அடுத்த நொடி அண்ணன் வள்ளிக்குச் சுருதி கொடுத்துவிட்டார். ஒரு சண்டை இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

நாடகம் முடிந்து முதல் பஸ் வரும்வரை, பெண்கள் ஏறிப் போகும்வரை, அவர் பெட்டியை மடிக்கவே மாட்டார். ஏதோ திருகாணி சரியில்லை, மிதியில் சத்தம் வருகிறது என்று நோண்டிக்கொண்டே இருப்பார். வெகுநாள் நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் காலத்தைப் பற்றி ஏதாவது சொல்வாரா?
— வாசகர், செங்கோட்டை

உங்கள் ஊர்க்காரரை விட்டுவிடுவாரா? 1906-ல் செங்கோட்டையில் பிறந்து 1933-ல் போய்விட்டார், பாட்டால் பேர் வாங்கிய நாடக நடிகர் கிட்டப்பா. இருபத்தேழு வயது. அண்ணன் பிறந்ததே அதற்கப்புறம்தான். ஆனால் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, நேரில் பார்த்தவர் போலப் பேசுவார். அவர் கவனித்ததெல்லாம் கிட்டப்பாவை அல்ல, பக்கத்தில் ஹார்மோனியம் வாசித்த, கிட்டப்பாவின் சொந்த அண்ணன் காசி ஐயரை. “தம்பி பறக்குறாரு, அண்ணன் கீழ நின்னு பாத்துக்கிட்டே இருக்காரு, கேளு” என்பார். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் குரல் போக வேண்டும், அதனால் உச்சத்தில் பாடினார்கள். அந்த உச்சத்தைத் தாங்க அடியில் ஒரு பெட்டி வேண்டியிருந்தது.

அவருக்கு இன்னொரு பிடித்த ஆள் நாடக நடிகர் விஸ்வநாத தாஸ். 1940 டிசம்பர் 31, சென்னையில் வள்ளி திருமணம், முருகனாக மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் போனது. மேடையில் சுதந்திரப் பாட்டைப் பாடிவிட்டுச் சிறைக்குப் போய்வந்த மனிதர். திருமங்கலத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அண்ணன் பஸ் ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு போடுவார். அங்கே அவருக்கு நினைவில்லம் இருக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் உள்ளது. நவம்பர் 13 நினைவு நாள். 2022-ல் நூறாண்டு நிறைந்தபோது, இளைப்போடு அங்கே போய்வந்தார். வேண்டாம் என்று சொன்ன மகளிடம், “அவரு எழுதிக் குடுத்ததத்தான் நான் தின்னேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

உங்கள் இருவருக்கும் சண்டையே வந்ததில்லையா?
— வாசகி, சிவகங்கை

வராமலா? தொண்ணூறுகளில் கீபோர்டு வந்தபோது ஆறு மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. கீபோர்டு வேண்டாம் என்றது நான். வேண்டும் என்றது அவர்.

ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறிவிடுகிறது என்று குழந்தை போலப் பூரித்துப் போனார். “இத்தன வருஷம் விரல ஒடிச்சு மாத்துனோம், இவன் ஒரு தட்டுல மாத்துறான்டா!” நான், நாடகத்தின் மானமே போச்சு என்று கத்தினேன். அவர் சிரித்தார். கடன் வாங்கி ஒன்று வாங்கியும் விட்டார்.

இரண்டாவது நாடகத்திலேயே கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரர் தூங்கிவிட்டார். இருட்டில் பபூன் சமாளித்துக்கொண்டிருக்க, அண்ணன் கையில் ஒரு பிளாஸ்டிக் பலகை. மறுவாரம் கால்பெட்டி திரும்பி வந்துவிட்டது. “நான் சொன்னேனா இல்லையா?” என்றேன். “நீ மானத்தப் பத்திச் சொன்ன, கரண்டப் பத்திச் சொல்லல” என்றார். கீபோர்டை வீட்டில் மாணவர்களுக்கு வைத்துக்கொண்டார். ஹெட்போன் மாட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காது, காலையில் ஐந்து மணிக்கே பாடம் எடுக்கலாம் என்று அதிலும் ஒரு லாபம் கண்டுபிடித்தார்.

அவர் வாசிப்பைக் கேட்க ஒலிப்பதிவு கிடைக்குமா?
— வாசகர், சென்னை

கேசட்டுகள் உண்டு. ஊர்த் திருவிழாவில் மைக்செட்காரர்கள் பதிவு செய்தவை, பிறகு செல்போனில் எடுத்தவை. கேட்டால் ஏமாந்துபோவீர்கள். பாடுகிறவர் குரல் பெரிதாக இருக்கும், மிருதங்கம் இரண்டாவது, ஹார்மோனியம் எங்கோ கிணற்றுக்குள். மைக்கைத் தன் பெட்டிக்கு நெருக்கமாக வைக்க அவர் ஒருநாளும் விடவில்லை. பெட்டிச் சத்தம் தனியாகக் கேட்டால் பாடுகிறவர் அதோடு போட்டி போட ஆரம்பித்துவிடுவார் என்பார். இரவு பத்து மணிக்குத் தனியாகப் பாடும் கடவுள் வாழ்த்து மட்டும் சில பதிவுகளில் தெளிவாக இருக்கிறது. அவருடைய திறமையில் எனக்கு அது கடைசி இடம்.

கலைமாமணி வாங்கினாரா?
— வாசகர், விருதுநகர்

இல்லை. விண்ணப்பமும் போடவில்லை. ஒரு தடவை நானே எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்துக் கேட்டேன். “சாதனைகள்” என்று போட்டிருந்த இடத்தில், “ராத்திரி பூரா உக்காந்திருந்தேன்னு போடு” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

கடைசி நாட்களில் அவரைப் பார்த்தீர்களா?
— வாசகி, காரைக்குடி

பார்த்தேன். நுரையீரல் ஒத்துழைக்கவில்லை, பேசினால் இளைத்தது. பங்குனி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். வருஷா வருஷம் பங்குனி முதல் ஆடி வரை எங்களுக்கு அறுவடை. நோட்டீஸ்கள் அச்சாகி வந்திருந்தன. கட்டாக எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். ஊர், தேதி, ராஜபார்ட், ஸ்த்ரீபார்ட். நான் பெயரைச் சொல்லச் சொல்ல, விரலைத் தூக்கிக் காட்டுவார். நாலு. நாலரை. அஞ்சு. ஒரு பெயருக்கு மட்டும் அஞ்சரை காட்டிவிட்டு, யோசித்து, விரலை மடக்கி அஞ்சாக்கினார். “அவளுக்குப் புள்ள பொறந்திருக்கு. எறங்கியிருக்கும்.” அதே பெண்ணுக்கு நான் சித்திரையில் வாசித்தேன். ஐந்துதான்.

கருமாதிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முந்தின இரவு நாடகம் முடித்து நேராக வந்திருந்தார்கள். காதோரம் பவுடர் போகவில்லை. சாப்பிட்டுவிட்டு அன்றைக்கு இரவு நாடகத்துக்கு அப்படியே பஸ் ஏறினார்கள். சீசனில் வேறு வழியில்லை. அவரும் தன் அப்பாவின் கருமாதி அன்று இரவு வாசித்தவர்தான்.

என் மகனுக்கு பதினைந்து வயது. ஹார்மோனியம் பழக ஆசைப்படுகிறான். பழைய கால்பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?
— வாசகர், மணப்பாறை

வாங்கலாம். ஆனால் மேல் பாலிஷைப் பார்த்து மயங்காதீர்கள். அண்ணன் பெட்டி வாங்கும்போது செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கட்டையும் அழுத்தாமல் மிதிக்க வேண்டும். துருத்தி நிறைந்ததும் காலை எடுத்துவிடுங்கள். அது சீக்கிரம் வற்றிவிட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது. தோல் ஓட்டை என்றால் ஒட்டிவிடலாம், பலகை பிளந்திருந்தால் வேண்டாம். எதையும் அழுத்தாமலே மெல்லிய முனகல் கேட்டால் ஏதோ ஒரு கட்டையின் அடைப்பு சரியாக மூடவில்லை, அது சின்ன வேலை. அப்புறம் ஒவ்வொரு கட்டையாக மெதுவாக அழுத்திப் பாருங்கள். பலமாக மிதித்தால் எல்லா ரீடும் (உள்ளே இருக்கும் பித்தளை நாக்கும்) பேசும். மெல்ல மிதிக்கும்போது பேசுகிறதா என்பதுதான் கேள்வி.

சுருதி கொஞ்சம் விலகியிருந்தால் பயப்பட வேண்டாம். ரீடின் நுனியை லேசாகச் சுரண்டினால் சுருதி ஏறும், ஆணியடித்த அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். சுரண்டினது சுரண்டினதுதான், திரும்ப ஒட்ட வைக்க முடியாது. அதனால் தெரிந்தவரிடம் கொடுங்கள், பையனைக் கை வைக்க விடாதீர்கள். ரீடில் நீலம் பூத்திருந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

பையனிடம் ஒன்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அவனுக்குத் தனியாக வாசித்துக் கைதட்டு வாங்க ஆசையா, யாராவது பாடினால் கூடப் போக ஆசையா? முதலாவது என்றால் கீபோர்டே போதும், கரண்ட் இருக்கிற வரைக்கும். இரண்டாவது என்றால் பத்திரிகை அலுவலகம் வழியாக எனக்கு எழுதச் சொல்லுங்கள். அண்ணனின் மாணவர் ஒருவர் உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடம் எடுக்கிறார். சீசனில் மட்டும் வகுப்பு கிடையாது, தூங்கிக்கொண்டிருப்பார்.